அஸ்தியும் ஆகாயமும்

மாட்டுங்காவில் ஒரு நாள் மாலை வகுப்பு முடிந்தபின் அன்பர் ஒருவர் தயக்கத்துடன் அருகில் வந்து அமர்ந்தார். செம்பூரில் வசிக்கும் பொறியாளர். தந்தையார் காலமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. அஸ்தியை நாசிக்கிற்குக் கொண்டுசென்று கோதாவரியில் கரைத்துவிட்டார்கள். ஆயினும் ஒரு சிட்டிகையை மட்டும் சிறு மண்கலயம் ஒன்றில் எடுத்து வைத்திருந்தார்.

"சுவாமி, அப்பா தாராவியில் நாற்பது வருடம் ஒற்றை அறையில் வாழ்ந்தவர். இரவில் தெருப்பிள்ளைகளைக் கூட்டிவைத்து நட்சத்திரங்களைக் காட்டுவார். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அஸ்தியை ராக்கெட்டில் வைத்து விண்வெளிக்கு அனுப்புகிறது. அப்பாவை அங்கே அனுப்ப ஆசைப்படுகிறேன். அம்மாவோ, கரைக்காத அஸ்தி வீட்டில் இருந்தால் அவருக்கு எப்படிச் சாந்தி கிடைக்கும் என்று அழுகிறார். நான் என்ன செய்ய வேண்டும்?"

இது புதுமையான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் இதனுள் இருப்பது மிகப் பழைய கேள்வி: பிரிந்தவரை நாம் எங்கே தேடுகிறோம்?

விண்ணுக்குச் சென்ற அஸ்தி

1997 ஏப்ரலில் 24 பேருடைய அஸ்தியில் சில கிராம்கள், வணிக நிறுவனம் ஒன்றின் ஏற்பாட்டில் விண்ணுக்கு அனுப்பப்பட்டன. சில ஆண்டுகள் பூமியைச் சுற்றிவந்த அந்தக் கலம் 2002-இல் வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்துபோயிற்று. சந்திரனை ஆராய்ந்த அறிஞர் யூஜின் ஷூமேக்கரின் அஸ்தி 1999 ஜூலையில் விண்கலத்துடன் சந்திரனில் விழுந்தது. 2024 ஜனவரியில் அஸ்தியுடன் சந்திரனை நோக்கிப் புறப்பட்ட பெரெக்ரின் என்னும் கலம் எரிபொருள் கசிவால் இலக்கை அடையாமல், பத்தே நாட்களில் பூமியின் வளிமண்டலத்திலேயே எரிந்தது. சந்திரனைப் புனிதமாகக் கருதும் நவாஹோ பழங்குடியினர் அம்முயற்சியை முன்பே எதிர்த்திருந்தனர்.

நம் நாட்டிலும் அஸ்தி வானில் சென்றதுண்டு. ஜவஹர்லால் நேரு 1954-இல் எழுதிய உயிலில், தமது அஸ்தியில் ஒரு கைப்பிடியைக் கங்கையில் விடும்படியும், பெரும்பகுதியை விமானத்தில் எடுத்துச்சென்று உழவர்கள் உழைக்கும் வயல்களின்மீது தூவும்படியும் கேட்டுக்கொண்டார். சமய நம்பிக்கையால் இதைக் கேட்கவில்லை என்பதையும் தெளிவுபடுத்தினார். 1964 ஜூனில் அவ்வாறே செய்யப்பட்டது. அந்த அஸ்தி வானில் ஏறியது, மண்ணோடு கலப்பதற்காகவே.

விண்வெளியையே தன் பணிக்களமாகக் கொண்டு, 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கல விபத்தில் உயிர்நீத்த கல்பனா சாவ்லாவின் அஸ்தி எங்கே சென்றது? அவரது விருப்பப்படி அமெரிக்காவின் சையான் தேசியப் பூங்காவில், மண்ணில், தூவப்பட்டது.

மும்பையிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதியை அன்பர் குடும்பம் ஒன்று பல்லாண்டுகள் பாதுகாத்துவந்தது. பின்னர் அது மணிபவன் அருங்காட்சியகத்திற்கு வந்து சேர்ந்தது. அதைக் காட்சிக்கு வைத்திருக்கலாம். ஆனால் அடிகளின் குடும்பத்தார் கரைத்துவிடவே விரும்பினர். 2008 ஜனவரி 30 அன்று, அவர் மறைந்து அறுபது ஆண்டுகள் நிறைந்த நாளில், கிர்காம் சௌபாத்தியை அடுத்த கடலில் அது கரைக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகள் கழித்தும், அஸ்தி காட்சிப்பொருளாகவில்லை.

ஆகாயம் எங்கே உள்ளது?

உடல் ஐம்பூதங்களால் ஆனது, அவற்றிடமே அதைத் திருப்பித் தருகிறோம் என்பதே நம் ஈமச் சடங்கின் கருத்து. 'அப்படியானால் ஐம்பூதங்களில் ஆகாயமும் ஒன்றுதானே, விண்ணுக்கு அனுப்பினால் என்ன?' என்று அன்பர் கேட்டார். நல்ல கேள்வி.

தாராவியின் கும்பார்வாடாவில் குயவர்கள் வனைந்து அடுக்கிய பானைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பானைக்குள்ளும் வெற்றிடம் இருக்கிறது. அதுவும் ஆகாயமே. பானை உடைந்தால் உள்ளிருந்த ஆகாயம் எங்கும் பயணம் செய்வதில்லை. அது என்றும் பேராகாயமாகவே இருந்தது. பானையின் சுவர் பிரித்துக் காட்டியது, அவ்வளவே. மாண்டூக்ய காரிகையில் கௌடபாதர் இந்த உவமையைக் கொண்டே ஆத்மாவின் இயல்பை விளக்குகிறார்.

ஆகவே ஆகாயம் என்பது ராக்கெட் சென்றடைய வேண்டிய தொலைதூர இடமன்று. அஸ்தி இருக்கும் கலயத்திற்குள்ளும் அது நிறைந்திருக்கிறது. தந்தையாரின் ஆத்மாவோ அஸ்தியோடு கட்டுண்டதன்று. எனவே ஆற்றில் கரைப்பதால் அது தாழ்வதுமில்லை, விண்ணில் ஏற்றுவதால் உயர்வதுமில்லை.

எதை நினைப்பது?

அப்படியானால் சடங்கு எதற்கு? நம்முடைய கை திறப்பதற்கு. 'என்னுடையது' என்று பற்றியதை விடுவதற்கு அது ஒரு பயிற்சி. ஈசாவாஸ்ய உபநிஷதத்தின் இறுதிப் பகுதி, மரணத் தறுவாயில் இருப்பவனின் பிரார்த்தனையாக அமைந்தது. உடலின் முடிவு சாம்பல் என்பதை அது ஏற்றுக்கொள்கிறது. ஆனால் மனத்தை நினைக்கத் தூண்டுவது சாம்பலை அன்று, செய்த செயல்களை.

இதைக் கேட்ட அன்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு தழுதழுத்த குரலில் கூறினார்: "சுவாமி, கடைசி ஆறு மாதம் அப்பா என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வேலை, வேலை என்று நான் போகவில்லை. செம்பூரிலிருந்து தாராவிக்கு வர முடியாதவன், இப்போது அவரை வானத்திற்கு அனுப்பப் பார்க்கிறேன்."

அவருடைய விருப்பத்தைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அது அன்பிலிருந்தும் குற்ற உணர்விலிருந்தும் ஒருங்கே பிறந்தது. ஆனால் குற்ற உணர்வை எந்த ராக்கெட்டும் சுமந்து செல்லாது. "அம்மா இன்னும் தாராவியில்தானே இருக்கிறார்?" என்று மட்டும் கேட்டேன். தலையசைத்தார். வணங்கி எழுந்து சென்றார்.

சில வாரங்களுக்குப்பின் தாயும் மகனும் வகுப்பிற்குச் சேர்ந்து வந்தனர். கலயத்தைக் கடலில் விட்டுவிட்டதாகத் தாய் கூறினார். ஞாயிறு மாலைகளில் மகன் அந்தத் தெருப்பிள்ளைகளுடன் அமர்கிறாராம். மேகமில்லாத இரவுகளில் நட்சத்திரங்களையும் காட்டுகிறாராம்.

சிந்தனைக்கு:

1. பிரிந்தவரின் பொருட்களில் நாம் பற்றிக்கொண்டிருப்பது எது? அன்பினால் அதைப் பற்றியிருக்கிறோமா, செய்யத் தவறிய கடமையின் நினைவாலா?

2. அவர் செய்த நற்செயல்களில் எதை நாம் தொடர்கிறோம்?

3. இன்று உயிருடன் இருந்து நம்மை எதிர்பார்ப்பவர் யார்?