பௌத்தர் கூறும் சந்தானமும் வினைப்பயன் நுகர்வும்

பௌத்த நூல்களைப் பயிலப்புகும் சைவ மாணவரை முதற்கண் மயங்கச் செய்வது ஒன்றுண்டு. ஆன்மா என நிலையுள்ள பொருள் இல்லை என்பர் பௌத்தர். வினை உண்டு, மறுபிறப்பு உண்டு, வினைப்பயன் தப்பாது என்பவரும் அவரே. செல்வோன் இன்றிச் செலவு யாங்ஙனம்? உண்போன் இன்றி ஊண் எவர்க்கு? இவ்வினாவை எழுப்பிய அளவிலே, விடையின்மையின் அம்மதம் வீழ்ந்தது என முடித்துவிடுதல் நம்மவரிடைப் பெருவழக்காயிற்று. அவ்வினாவிற்குப் பௌத்தர் விடை கூறியே யிருக்கின்றனர். அதனைக் கேளாது செய்யும் மறுப்பு, ஆளில்லாக் களத்தில் வாள் வீசுதலோ டொக்கும். ஆகலின் அவர் கூற்றை அவர் நூல்வழியே அறிந்து, நம் தடை எவ்விடத்துச் சென்று தைக்கும் என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

புத்தர் மறுத்தது யாது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, விஞ்ஞானம் என்னும் ஐந்து கந்தங்களுள் எதுவும் ஆன்மா அன்று. இவற்றிற்கு வேறாகக் காட்டத்தக்க ஆன்மாவும் இல்லை என்பது அவர் மதம். ஒரே விஞ்ஞானம் மாறாது பிறவிதோறும் உழல்கின்றது எனக் கொண்ட செம்படவர் குலத்துப் பிக்கு ஒருவரைப் புத்தர் கடிந்து திருத்திய வரலாறு மச்சிம நிகாயத்து 38ஆம் சூத்திரத்தில் உள்ளது. ஆயினும், வச்சகோத்திரன் என்னும் துறவி ‘ஆன்மா உண்டோ’ எனவும் ‘இல்லையோ’ எனவும் வினவியவிடத்து, இரண்டிற்கும் அவர் வாய்வாளா திருந்தார். உண்டெனின் சாசுவதவாதமும், இல்லெனின் உச்சேதவாதமும் ஆமென அஞ்சியே அங்ஙனம் இருந்ததாகப் பின்னர் ஆனந்தர்க்கு விளக்கினார். ஆதலின் உடல் வீழ்ந்தபின் யாதும் இல்லை என்னும் உலகாயதரோடு பௌத்தரை ஒருங்கு வைத்து எண்ணுதல் பொருந்தாது.

அற்றேல், மறுபிறப்பில் தொடர்வது யாது? இதற்கு விரிவான விடை பாலி மொழியிலுள்ள மிலிந்த பஞ்ஹம் என்னும் நூலிற் காணப்படும். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ஆண்ட யவன அரசன் மிலிந்தனும் நாகசேனர் என்னும் தேரரும் வினாவிடை செய்வதாக அமைந்தது அந்நூல். பிறப்பவன் முன்னையவனே யோ, வேறொருவனோ என அரசன் வினவ, ‘அவனும் அல்லன், பிறனும் அல்லன்’ என்கின்றார் நாகசேனர். இரவெல்லாம் எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடையாமத்துச் சுடரும் ஒன்றல்ல. ஆயினும் எரிந்தது ஒரு விளக்கே. பால் தயிராகின்றது, தயிர் பால் அன்று, பாலை யொழிய வந்ததும் அன்று. இவ்வாறு கெடுவதும் தோன்றுவதுமாக இடையறாது வரும் காரணகாரியத் தொடர்ச்சியே சந்தானம். செய்த கணமும் நுகரும் கணமும் ஒரே தொடர்ச்சியின்கண் நிற்றலால், செய்தது அழிதலும் செய்யாதது வந்தெய்தலும் ஆகிய குற்றங்கள் எமக்கில்லை என்பது பௌத்தர் துணிபு. மறுக்கத்தக்க விடையே யெனினும் எளிதிற் புறந்தள்ளத் தக்கதன்று.

இனி அந்நூலிலேயே மற்றோர் உவமை வருகின்றது. ஒன்றும் கடந்து செல்லாமலே மறுபிறப்பு எய்தும் என்பதற்கு, ஆசிரியனிடத்து மாணவன் செய்யுள் ஒன்றைக் கற்றல் காட்டப்படுகின்றது. செய்யுள் ஆசிரியனை விட்டு நீங்கி மாணவனிடத்துச் செல்வதில்லை. எனினும் மாணவனிடத்து அது தோன்றுகின்றது. அழகிய உவமை. ஆயினும் நம் வினா பிறக்குமிடம் இதுவே. ஆசிரியன் அறிவு காரணமாக மாணவன் அறிவு தோன்றினும், ஆசிரியன் செய்த வினையை மாணவன் நுகர்வதில்லை. ஆகவே காரணகாரியமாய் இயைதல் மாத்திரையால் சந்தானம் ஒன்றாகாது என்பது அவர் உவமையாலேயே பெறப்படும்.

இதற்கு, மாணவனது முற்கண அறிவே பிற்கண அறிவுக்கு உபாதானம். ஆசிரியன் சொல் துணைக்காரணமே என்பர் பின்வந்த பௌத்தர். நன்று. காரியம் தோன்றுங்கால் அவ்விரு காரணங்களும் ஒருங்கே கெட்டொழிந்தன. காரியத்துக்கு இரண்டும் ஒப்ப வேறாவனவே. அவற்றுள் ஒன்று உபாதானம், மற்றொன்று துணை எனப் பகுத்தது எதுகொண்டு? ஒரே சந்தானத்தது ஆகலின் எனின், சந்தானத்தை உபாதானத்தாலும் உபாதானத்தைச் சந்தானத்தாலும் நிறுவுதல் ஒன்றனையொன்று பற்றுதல் என்னும் குற்றமாம். ஒப்புமையான் எனின், ஒரே செய்யுளை ஓதும் இருவர் அறிவு தம்முள் ஒத்தும், ஒருவனுடைய நனவும் உறக்கமும் ஒவ்வாதும் இருத்தல் காண்கின்றோம். சந்தானம் வழக்கு மாத்திரையே, பரமார்த்தம் அன்று எனின், துக்கத்தை வாய்மையென முதற்கண் வைத்து ஓதிய மதத்தார்க்கு, அஃது எவர் துக்கம் என்பது மட்டும் வெறும் வழக்காய் ஒழிதல் எவ்வாறு இசையும்?

இவ்வையம் புறத்தாரால் மட்டும் எழுந்ததன்று. வாத்சீபுத்திரியர் என்னும் பௌத்தரே, கந்தங்களின் வேறும் அன்று ஒன்றும் அன்று எனப் புத்கலம் என்பதொன்றை உடன்பட்டனர்; அவரை மறுத்தற்கென்றே வசுபந்து தம் அபிதர்மகோசத்தின் இறுதி இயலை வகுத்தார். வேண்டாத பொருளை யாரும் தம் வீட்டில் வைத்துக்கொள்ளார் அன்றே!

இனிப் பௌத்தர் நம்மைத் திருப்பி வினவுவதும் உண்டு. மழையும் வெயிலும் தோலைத் திரிக்கும், வானைத் திரியா. உங்கள் ஆன்மா வான்போல்வதாயின் இன்பதுன்பம் அதனைத் தாக்கா, தோல்போல்வதாயின் அது நித்தம் அன்று என்பர். சிவஞானசித்தியார் பரபக்கத்துச் சௌத்திராந்திகன், யோகாசாரன், மத்தியமிகன், வைபாடிகன் என்னும் நால்வர் மறுப்பையும் பாடங் கேட்டவர் பலர். இவ்வினாவை நேர்நின்று எதிர்கொள்வார் சிலரே. நித்தம் என வாளா கூறுதல் இதற்கு விடையாகாது. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்பது நம் சித்தாந்தம். பளிங்கு அடுத்த நிறத்தைக் காட்டும். காட்டுங்கால் பளிங்கின் தன்மை கெடுவதில்லை. மாறுவது விளக்கமும் மறைப்பும். அவற்றையுடைய பொருள் மாறுவதன்று. சத்தியோசோதி சிவாசாரியரின் நரேசுவர பரீட்சைக்கு உரைகண்ட இராமகண்டர், அறியப்படுவன மாறிமாறி வருங்காலும் அறிவோனது பிரகாசம் மாறாது அனுபவத்திற் புலப்படுகின்றது என்னும் நெறியாற் பௌத்தரை எதிர்த்தனர்.

சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரம் ஆன்மாவின் உண்மைக்குக் கூறும் ஏதுக்களுள், ஐம்புலன்களையும் ஒருங்கறிதலும், உணர்த்த உணர்தலும் ஆகிய இரண்டும் ஈண்டு வேறாக நோக்கத்தக்கன. முன்னையது, கண்டவனே கேட்டவன் என்னும் ஒருமையைக் காட்டிக் கணபங்கத்தை நேரே சென்று தாக்கும். பின்னையது நம்முள்ளார்க்கே பெரிதும் பயன்படுவது. மலம் பரிபாகமுற்ற உயிரும், தீக்கை பெற்ற உயிரும், அருளில் அழுந்தும் உயிரும் ஒன்றாயினன்றி ஆசாரியன் செயல் எவ்வுயிர்க்கு உதவியதெனச் சொல்ல வாராது. முதல்வனை உடன்படாத பௌத்தரிடத்து இதனை ஏதுவாகக் காட்டினால் அவர் இசையார். அவரோடு வாதிக்கும் அவையில், ஆசிரியனும் மாணவனும் என்னும் அவருடைய உவமையையே எடுத்துக்கொண்டு தொடங்குதல் தகும்.