'எம்' கற்பிக்கும் பாடம்



சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை. நாளாந்த ஒழுங்கு சிறிது மாறினாலும் கலங்கிப்போகும் பிள்ளை. ஓட்டிசமுள்ள இத்தகைய பிள்ளையைப் பற்றி வைத்தியரும் ஆசிரியரும் பெற்றாரும் ஓயாது பேசுகிறோம். அந்தப் பிள்ளையிடம் கேட்பவர் யார்?

1943இல் அமெரிக்காவில் வைத்தியர் லியோ கானர் ஓட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையில் 11 பிள்ளைகளை விவரித்தார். அவர்களுள் மூவரே பெண்கள். இது ஆண்பிள்ளைகளுக்கே உரியது என்று பலர் நெடுங்காலம் எண்ணினர். பெண்பிள்ளைகளோ மற்றவர்களைப் பார்த்து அவர்களைப் போல நடந்து, தம் இடர்ப்பாட்டை மறைத்துக்கொள்வதுண்டு. அதனால் அவர்களது துன்பம் பிறர் கண்ணுக்குத் தெரியாமற் போய்விடுகிறது.

இங்கிலாந்தின் சரே பகுதியில் லிம்ப்ஸ்ஃபீல்ட் கிரேஞ்ச் என்ற பெண்கள் பாடசாலை உண்டு. அதன் மாணவியர், விக்கி மார்ட்டின் என்ற எழுத்தாளருடன் சேர்ந்து ஒரு கதையை ஆக்கினர். 'எம் இஸ் ஃபோர் ஓட்டிசம்' என்ற அந்நூல் 2015இல் வெளிவந்தது. மறு ஆண்டில் அதன் தொடர்ச்சியும் வந்தது. கதையின் நாயகி 'எம்' என்ற சிறுமி.

கதை எதற்கு? "நான் பயப்படுகிறேன்" என்று சொல்ல நாவெழாத பிள்ளை, "எம் பயப்படுகிறாள்" என்று சொல்லக்கூடும். சேர்ந்து ஆக்குவது எதற்கு? ஒருவர் விட்டதை மற்றவர் நிரப்புவார், பிழையானதைத் திருத்துவார். எவருடைய அந்தரங்கமும் வெளிப்படாது.

ஓட்டிசமுள்ளவரான ஆங்கிலேய அறிஞர் டேமியன் மில்டன் 2012இல் ஓர் உண்மையைச் சுட்டினார்: விளங்கிக்கொள்ளாமை ஒரு பக்கத்துக் குறையன்று. அவர்கள் நம்மை விளங்காதது போலவே நாமும் அவர்களை விளங்கவில்லை.

பெற்றாரே, இதை வீட்டிலும் செய்து பார்க்கலாம். கதைப்பாத்திரம் ஒன்றுக்குப் பிள்ளையே பெயர் சூட்டட்டும். "சந்தைக்குப் போனால் அவளுக்கு எது கஷ்டம்?" என்று கேளுங்கள். பேசாத பிள்ளை வரைந்து காட்டட்டும். படத்தைத் தொட்டுக் காட்டட்டும். சொல்ல விருப்பமில்லையேல் வற்புறுத்த வேண்டாம். வரும் விடையை உங்கள் விருப்பப்படி மாற்றவும் வேண்டாம். ஒரு பிள்ளையின் கதை இன்னொரு பிள்ளையின் கதையாகாது என்பதையும் மறவாதீர்கள். கதை மருந்தன்று, அது பிள்ளையின் உள்ளத்துக்கு ஒரு வாசல்.

சிந்தனைக்கு:

1. நம் பிள்ளை எதற்கு அஞ்சுகிறது என்பதை அதனிடமிருந்தே அறிந்தோமா, நாமாக ஊகித்தோமா?

2. "அடம்" என்று நாம் தண்டித்தது உண்மையில் பயமாக இருந்ததா?