குளிர்காலத்துக்கு வேறொரு நேரசூசி வேண்டும்

கேள்வி:

எனக்கு வயது 46. யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், பல வருடங்களாக ஸ்காபரோவில் இருக்கிறேன். உணவுப் பொருட்களைப் பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை. காலை 5 மணிக்கு எழும்பி, 6 மணிக்கு இருட்டோடு வெளிக்கிட்டால், பின்னேரம் நாலரைக்கு இருட்டுப்படும் நேரம்தான் வீட்டுக்கு வருவேன். கோடையில் இந்த வேலையெல்லாம் எனக்குப் பாரமாகத் தெரிவதில்லை. வேலையால் வந்து சமைத்து, தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டு, பிள்ளைகளை வகுப்புகளுக்கு ஏற்றி இறக்கி, இரவு பத்து மணிக்கும் ஓடியாடி நிற்பேன். நவம்பர் பிறந்தால் எல்லாம் மாறிவிடும். வந்து கதிரையில் இருந்தால் எழும்ப மனம் வராது. வாய் சோறும் இனிப்புமாகத் தேடுகிறது. ஞாயிறு பத்து மணிவரை படுத்தாலும் அலுப்புத் தீருவதில்லை. 'உனக்குப் பஞ்சி பிடித்துவிட்டது' என்று இவர் பகிடியாகச் சொன்னாலும் மனம் நோகிறது. ஊரில் அம்மா மார்கழிக் குளிரிலும் விடிய நாலு மணிக்கு எழும்பி, முற்றம் கூட்டி, திருவெம்பாவைப் பூசைக்குப் போனவ. எனக்கு மட்டும் ஏன் இப்படி? இது ஏதும் வருத்தமா? நான் ஓய்வெடுக்கலாமா, இல்லை உடம்பை விடாமல் விரட்ட வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஸ்காபரோ

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஓய்வெடுங்கள், உடம்பை விரட்ட வேண்டாம். ஆனால் மாலையில் கதிரையில் சாய்ந்து கிடப்பதும் ஞாயிறு பத்து மணிவரை படுப்பதும் உங்களுக்குத் தேவையான ஓய்வைத் தராது. அது எதனால் என்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஜூலை மாதத்து நேரசூசியே ஜனவரியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், களைப்பின் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது.

அம்மாவோடு உங்களை ஒப்பிட்டிருக்கிறீர்கள். அந்த ஒப்பீடு உங்களுக்கு நியாயமானதல்ல. யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிகக் குறுகிய பகல் கிட்டத்தட்ட பதினொன்றரை மணித்தியாலம். மிக நீண்ட பகலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ரொறன்ரோவில் ஜூன் கடைசியில் பகல் 15 மணித்தியாலத்துக்கு மேல். டிசம்பர் 21ஐ ஒட்டி அது 9 மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. அந்த நாட்களில் சூரியன் காலை 7.45க்குப் பிறகு எழுந்து, மாலை 4.45க்கு முன்னரே விழுந்துவிடுகிறது. அம்மா நாலு மணிக்கு எழும்பினாலும், வீட்டுக்குத் திரும்பிய கையோடு முற்றத்து வெயில் அவர் முகத்தில் பட்டது. அவர் முதல்நாள் இரவு எத்தனை மணிக்குப் படுத்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். நீங்களோ இருட்டில் போய் இருட்டில் வருகிறீர்கள். தொழிற்சாலையில் யன்னல் இல்லாவிட்டால், திங்கள் முதல் வெள்ளிவரை உங்கள் கண்ணில் பகல் வெளிச்சம் படுவதே இல்லை.

இதை உடம்பு சும்மா விட்டுவிடாது. நம் மூளையில், கண் நரம்புகள் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, உடம்பின் மணிக்கூடு இருக்கிறது. எப்போது தூக்கம் வரவேண்டும், எப்போது பசிக்க வேண்டும், எப்போது உடல் சூடு ஏற வேண்டும் என்பதை அதுதான் ஒழுங்கு செய்கிறது. அந்த மணிக்கூட்டுக்கு நேரம் சொல்வது கண்ணுக்குள் போகும் வெளிச்சம். காலை வெளிச்சம் கிடைத்தால் அது சரியாக ஓடும். கிடைக்காவிட்டால் நாளுக்கு நாள் பிந்தத் தொடங்கும். அப்போது அலாரம் 5 மணிக்கு அடித்தாலும் உடம்புக்கு அது இன்னும் நடுச்சாமம்தான். தூக்கத்துக்கான மெலடோனின் இரத்தத்தில் இருக்கும்போதே நீங்கள் கார் ஓட்டிக்கொண்டு போகிறீர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மாலையில் குசினி, இருக்கையறை, தொலைக்காட்சி, கைபேசி என்று எல்லா வெளிச்சமும் போட்டபடி பத்து, பதினொரு மணிவரை இருக்கிறோம். இரவு வந்துவிட்டது என்பதே மூளைக்குப் பிந்தித்தான் தெரிகிறது. ஆகப் பகலும் சரியான பகலாக இல்லை, இரவும் சரியான இரவாக இல்லை. குளிர்கால ஓய்வு என்று நான் சொல்வது இந்த இரண்டையும் திருத்துவதைத்தான். பகலில் வெளிச்சத்தைத் தேடிப் போக வேண்டும். இருட்டிய பிறகு வேலையையும் விளக்கையும் சேர்த்துக் குறைக்க வேண்டும்.

'எனக்கு மட்டும் ஏன்' என்று கேட்டீர்கள். நோர்மன் ரோசென்தால் என்ற மனநல மருத்துவர் தென்னாபிரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். 1976இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து நியூயோர்க்கில் வேலை செய்தபோது, குளிர்காலத்தில் தன் உற்சாகம் வற்றிப்போவதையும் வசந்தத்தில் அது திரும்பி வருவதையும் அவர் தன்னிலேயே கவனித்தார். பின்னர் அவரும் கூட்டாளிகளும் 1984இல் வெளியிட்ட ஆய்வில்தான் குளிர்கால மனச்சோர்வு ஒரு தனி நோய்நிலையாக விவரிக்கப்பட்டது. கூடுதல் தூக்கம், மாப்பொருளுக்கும் இனிப்புக்கும் ஆசை, கைகால் கனத்தல், எடை கூடுதல் எல்லாம் அதன் அடையாளங்கள். வெயில் நாட்டிலிருந்து வந்த ஒரு மருத்துவருக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேர்கிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

உங்களுக்குத் தோட்டம் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். ஒன்ராறியோவில் உள்ளியை ஒக்டோபரில் ஊன்றுவார்கள். பனிக்காலம் முழுக்க அது மண்ணுக்குள் கிடக்கும். மேலே ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் குளிர் அதற்குத் தேவை. போதிய குளிர் படாத உள்ளி பல நேரங்களில் பல் பிரியாமல் ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடும். மனித உடம்புக்கும் இப்படி அமைதியாக நடக்கும் வேலைகள் பல உண்டு. தூக்கத்தில்தான் மூளை அன்றைய நினைவுகளை அடுக்கி வைக்கிறது. வளர்ச்சி இயக்குநீர் அதிகமாகச் சுரப்பதும், இரத்த அழுத்தம் இறங்கி இதயம் இளைப்பாறுவதும் ஆழ்ந்த தூக்கத்தில்தான். ஓய்வு என்பது எல்லா வேலையும் முடிந்த பிறகு கிடைக்கும் சன்மானம் என்று நம் பெண்களுக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். வீட்டு வேலை ஒருநாளும் முடிவதில்லை. அப்படியானால் ஓய்வும் ஒருநாளும் வராது. இந்த எண்ணத்தை நீங்கள் மாற்றியே ஆகவேண்டும்.

இனி நேரசூசிக்கு வருவோம்.

இரவு: நீங்கள் 5 மணிக்கு எழும்ப வேண்டுமானால் 9 மணிக்குக் கட்டிலில் இருக்க வேண்டும். 8 மணிக்கே பெரிய விளக்குகளை அணைத்து, மூலையில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கோடு நிறுத்துங்கள். ஊருக்குத் தொலைபேசி எடுப்பது பலருக்குத் தூக்கத்தைத் தின்கிறது. குளிர்காலத்தில் யாழ்ப்பாணம் நமக்குப் பத்தரை மணித்தியாலம் முன்னால் நிற்கிறது. அங்கே காலை ஒன்பதரையாகட்டும் என்று காத்திருந்தால் இங்கே இரவு 11 மணியாகிவிடும். அந்த அழைப்பைச் சனிக்கிழமை காலை எட்டரைக்கு மாற்றுங்கள். அங்கே இரவு 7 மணி, அம்மா ஆறுதலாக இருந்து கதைப்பார்.

நடுவில் விழிப்பு வந்தால் பதற வேண்டாம். தோமஸ் வேர் என்ற ஆய்வாளர் 1990களில் சிலரை ஒரு மாதம் நாளுக்கு 14 மணித்தியாலம் இருட்டில் வைத்துப் பார்த்தார். முதல் இரவுகளில் அவர்கள் வழக்கத்தைவிட வெகுநேரம் தூங்கினார்கள், பழைய கடனை அடைப்பவர்களாக. போகப் போக அது 8 மணித்தியாலத்தை ஒட்டி நின்றது, அதுவும் நடுவே அமைதியான ஒரு விழிப்போடு இரண்டு துண்டுகளாக. நீங்களும் முதல் இரண்டு வாரம் இன்னும் கூடுதலாகத் தூக்கம் வருகிறதே என்று பயப்பட வேண்டாம். விழித்தால் கைபேசியைத் தொடாமல் இருட்டிலேயே படுத்திருங்கள்.

காலை: வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். வீட்டு விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய நாளில்கூட வெளியே அதைப்போலப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். நீங்கள் விடியுமுன் போவதால், 10,000 லக்ஸ் தரும் சிகிச்சை விளக்கொன்றை வாங்கலாம். தேத்தண்ணி குடிக்கும் 20 முதல் 30 நிமிடம் அதைப் பக்கவாட்டில் வைத்திருங்கள். நேரே உற்றுப் பார்க்க வேண்டாம். கண் நோய் உள்ளவர்களும், அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இதைப் பாவிக்கக் கூடாது.

மதியம்: சாப்பாட்டு இடைவேளையில் சாப்பிட்டு முடித்ததும் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பத்து நிமிடம் போதும். உங்கள் நாளில் சூரியனைக் காணும் ஒரே நேரம் அதுதான். குளிர் என்று அதை விட்டுவிடாதீர்கள்.

ஞாயிறு: கிழமை நாட்களில் 5 மணிக்கும் ஞாயிறு 10 மணிக்கும் எழும்பினால் மணிக்கூடு குழம்பும். திங்கள் காலை இரட்டிப்பு அலுப்பு வருவது அதனால்தான். ஆறரைக்கு, மிஞ்சினால் ஏழுக்கு எழும்புங்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளோடு வெளிச்சத்தில் நடந்துவிட்டு, மதியம் 3 மணிக்கு முன்னர் அரை மணி நேரம் குட்டித் தூக்கம் போடுங்கள்.

குசினி: குளிர்காலத்தில் நாள்தோறும் மூன்று கறி வேண்டாம். ஊரில் மாரி மழைக்கு ஒடியல் கூழ் காய்ச்சி, வீடு முழுக்க ஒரே பானையைச் சுற்றி இருந்து குடித்தோம். மீன், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் அதற்குள் இருந்தன. ஒரு பானைச் சமையல் நமக்குப் புதிதல்ல. கிழமையில் மூன்று நாளாவது பருப்பும் மரக்கறியும் சேர்ந்த ஒரு பானைச் சாப்பாடாக இருக்கட்டும். வெள்ளைச் சோற்றைக் குறைத்துக் குரக்கன், சிவப்பரிசி, கடலை என்று மாற்றினால் இனிப்பு ஆசையும் மெல்ல அடங்கும்.

ஊர் வேலைகள்: கிறிஸ்மஸ், புதுவருடம், தைப்பொங்கல் விழா, பழைய மாணவர் ஒன்றுகூடல், பிறந்தநாள் என்று டிசம்பரும் ஜனவரியும் மண்டபம் மண்டபமாகப் போய்விடுகின்றன. ஒரு வார இறுதியில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். 'இந்தமுறை வரமுடியவில்லை, கோடையில் வீட்டுக்கு வாருங்கள்' என்று சொல்லப் பழகுங்கள். யாரும் குறை நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை.

இப்போது உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. ஒரு வீட்டில் ஒருவர் இருந்து ஓய்வெடுக்க வேண்டுமானால் இன்னொருவர் எழும்ப வேண்டும். பாத்திரம் கழுவுவது, அடுத்த நாள் சாப்பாட்டுப் பெட்டி கட்டுவது, பிள்ளைகளை வகுப்பிலிருந்து ஏற்றி வருவது ஆகிய மூன்றையும் நவம்பர் முதல் மார்ச் வரையாவது நீங்கள் பொறுப்பெடுங்கள். பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் பங்கு கொடுங்கள். உங்கள் மனைவி சோம்பலால் சாய்ந்திருக்கவில்லை. வெளிச்சமில்லாத ஒரு பருவத்தில் இரண்டு ஆள் வேலையைச் செய்துவிட்டுச் சாய்ந்திருக்கிறார்.

சகோதரி, எல்லாக் களைப்பையும் பருவத்தின் மேல் போட்டுவிடவும் கூடாது. 46 வயதில் மாதவிடாய் ஒழுங்கு மாறும். இரத்தப்போக்குக் கூடினால் இரும்புச்சத்து இறங்கும். தைரொய்ட் குறைபாடும் நீரிழிவும் இதே களைப்பைத் தரும், நீரிழிவு நம்மவரிடையே அதிகம். குடும்ப வைத்தியரிடம் இரத்தச்சோகை, பெரிற்றின் (இரும்புச் சேமிப்பு), தைரொய்ட், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஆகிய பரிசோதனைகளைக் கேளுங்கள். வைட்டமின் டி பற்றியும் கதையுங்கள். நம் அகலாங்கில் நவம்பர் முதல் பெப்ரவரி வரை வெயிலில் நின்றாலும் தோல் அதை அநேகமாகத் தயாரிப்பதில்லை, கருமையான தோலுக்கு மற்றக் காலத்திலும் கூடுதல் நேரம் பிடிக்கும். 70 வயது வரையான பெரியவர்களுக்கு உணவும் மாத்திரையுமாக நாளுக்கு மொத்தம் 600 சர்வதேச அலகு (IU) என்பது கனடாவின் பரிந்துரை.

மனம் இரண்டு வாரத்துக்கு மேல் இருண்டே இருந்தால், பிடித்தவற்றில் விருப்பம் அற்றுப்போனால், ஆட்களைக் காணவே மனமில்லாமல் போனால், அது ஓய்வால் மட்டும் தீராது. அதற்கு விளக்குச் சிகிச்சை, பேச்சுச் சிகிச்சை, மருந்து என்று நல்ல வழிகள் உண்டு. வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் 988 என்ற இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். கனடா முழுவதும் இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம்.

இந்தச் சனிக்கிழமை கணவரையும் பிள்ளைகளையும் மேசையைச் சுற்றி இருத்தி, புதிய நேரசூசியை ஒரு தாளில் எழுதுங்கள். யார் எந்த வேலை, எத்தனை மணிக்கு விளக்கு அணையும், எந்த விழாவுக்குப் போவதில்லை என்று எழுதி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். அதே தாளில் வைத்தியரைப் பார்க்கும் திகதியையும் குறியுங்கள். மணிக்கூட்டை முன்தள்ளி வைக்கும் மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அதுவே உங்கள் வீட்டுச் சட்டமாக இருக்கட்டும்.