ஒரே ‘வ’ போதாத வகுப்பறை

முதல் பாடவேளைக்கு 30 தாள் வேண்டும். ஜெராக்ஸ் மெஷின் கடவு எண் கேட்டது. எண் அவரிடம் இல்லை. பக்கத்தில் நின்றவரிடம் கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. வெறுங்கையோடு போய் நின்றார்.

மதுரையில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், 2023 அக்டோபரில் யார்க்ஷயரின் ஓர் அரசுப் பள்ளியில் பயிற்சி ஆசிரியையாக நுழைந்தது இப்படித்தான். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “என் மானம் போறது இருக்கட்டும், இதுல அந்தப் பிள்ளைங்க கதையும் இருக்கு.”

இங்கிலாந்தில் இயற்பியல் படித்தவர்கள் ஆசிரியர் வேலைக்கு வருவது குறைவு. ஆள் பிடிக்க அந்த ஆண்டு இயற்பியல் பயிற்சிக்கு 27,000 பவுண்டு உதவித்தொகை கொடுத்தார்கள், வெளிநாட்டவரும் வாங்க முடிந்தது. அதைப் பார்த்துத்தான் விமானம் ஏறினார். பி.ஜி.சி.இ. என்ற அந்தப் படிப்பு ஓராண்டு. பேருக்குத்தான் பல்கலைக்கழகம், குறைந்தது 120 நாள் பள்ளிகளில் கழிக்க வேண்டும், அதுவும் இரண்டு வேறு பள்ளிகளில். அவர் கைக்கு வந்தது 11 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகள். நம் கணக்கில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு.

“பிளஸ் டூ பசங்களுக்கு மார்க் வேணும். அதனால டீச்சர் வேணும். பன்னிரண்டு வயசுக்காரனுக்கு ரெண்டுமே வேணாம்” என்கிறார்.

அங்கும் ‘மிஸ்’தான். மாறாதது அந்த ஒரு சொல் மட்டும். நம் வகுப்பில் டீச்சர் உள்ளே வந்தாலே நாற்காலிகள் நகர்ந்து, ராகம் போட்டு ‘குட் மார்னிங்’ வரும். அந்த அமைதி டீச்சர் நாற்காலியோடு சேர்ந்து கிடைப்பது. அங்கே கிடைக்கவில்லை. முதல் வாரம் குரலை உயர்த்தினார். வகுப்பும் உயர்த்தியது. பின்வரிசையில் ஒரு பையன், எதற்குக் கண்டித்தாலும் ‘நான் நவுட் பண்ணல மிஸ்’ என்றான். ‘நவுட்’ என்றால் யார்க்ஷயர் பேச்சில் ‘ஒன்றுமே’ என்று தெரிந்துகொள்ள அவருக்கு மூன்று நாள் ஆனது. அதுவரை அது ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்து அவனை முறைத்துக்கொண்டிருந்தார்.

உச்சரிப்பு அடுத்த அடி. மின்சுற்றுப் பாடம்: வயர், வோல்ட், வாட். தமிழில் எழுதிப் பாருங்கள், மூன்றுக்கும் ஒரே ‘வ’தான். ஆங்கிலத்தில் வோல்ட்டுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். வயருக்கும் வாட்டுக்கும் உதடு குவிய வேண்டும். அவர் வாயில் எல்லாமே நடுவில் வந்து விழுந்தன. முதல் வரிசைச் சிறுமி மரியாதையாகக் கையைத் தூக்கித் திருத்தினாள். வகுப்பு சிரித்தது. முகம் சுண்டிப்போன அவருக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றுதான்: பலகையில் ‘ழ’ எழுதினார். “இதைச் சொல்லுங்க பார்ப்போம். வாழைப்பழம்.” முப்பது நாக்கும் மடங்கித் தடுமாறின. ‘வாலப்பலம்’, ‘வாரப்பரம்’. சிரிப்பு இந்த முறை எல்லோருக்கும் பொதுவானது.

கதை இங்கே முடிந்திருந்தால் சினிமா. கடைசி பெஞ்சில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த, அவருக்கு வழிகாட்டும் ஆசிரியரான மென்ட்டர் அன்று மாலை காட்டிய குறிப்பில் இருந்தது: ‘ஆறு நிமிடம். நல்ல சிரிப்பு. மின்சுற்று எங்கே?’ அன்றிலிருந்து பாடத்தின் முக்கியச் சொற்களை முன்பே பலகையில் எழுதிவைத்து, சொல்லும்போது விரலால் தொட்டுக் காட்டத் தொடங்கினார். வேறு மொழி பேசும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கும் அது உதவியது என்பது பிறகுதான் தெரிந்தது.

மென்ட்டரின் இன்னொரு குறிப்பு அதைவிடச் சுட்டது. அந்தப் பாடத்தில் அவர் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் அவரே பதிலும் சொல்லியிருந்தார். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே இதை அளந்து எழுதியிருக்கிறார்: கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார், மூன்று விநாடி பொறுத்தால் பதில் நீளுகிறது, வாய் திறக்காதவர்களும் திறக்கிறார்கள். படிக்க எளிது. முப்பது முகத்துக்கு முன்னால் மூன்று விநாடி சும்மா நிற்பது பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பது மாதிரி. மனசுக்குள் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று தமிழில் எண்ணிப் பழகினார். ஆங்கிலத்தில் எண்ணினால் வேகமாக எண்ணிவிடுகிறாராம்.

கட்டுப்பாட்டுக்கு அங்கே படிக்கட்டு உண்டு. முதல் எச்சரிக்கை, இரண்டாவது, அதற்கு மேல் வகுப்பை விட்டு வெளியே, பள்ளி முடிந்ததும் டிடென்ஷன். இவர் ஒரே பையனுக்கு ஒரே வகுப்பில் ஏழு ‘கடைசி எச்சரிக்கை’ கொடுத்தார். எட்டாவதை அவனே எண்ணிச் சொன்னான். சொன்னதைச் செய்யாத டீச்சரைப் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் தேவையில்லை. அடி என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை, அரசுப் பள்ளிகளில் 1987இலிருந்து தடை. இங்கும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனால் போன பிரம்பின் நிழலில்தான் நம் வகுப்புகள் பல இன்னும் அமைதியாக இருக்கின்றன என்பது என் எண்ணம்.

தொடவும் தயங்க வேண்டியிருந்ததுதான் அவரை அதிகம் வருத்தியது. ஒரு சிறுமி அழுதுகொண்டு நின்றாள். தலையைத் தடவக் கை எழுந்து பாதியில் நின்றது. “யார்கிட்டயும் சொல்லமாட்டேன், சொல்லு” என்றும் வாய் போய்விட்டது. அதுதான் பெரிய தப்பு என்று பின்னர் சொன்னார்கள். பிள்ளை சொல்வது அதன் பாதுகாப்பு பற்றியதாக இருந்தால், அதற்கென்று பள்ளியில் நியமித்திருக்கும் பொறுப்பாசிரியரிடம் சொல்லியே ஆக வேண்டும். ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. பயிற்சிக்குப் போகிறவர்கள் பாடத்துக்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்கிறார்.

டிசம்பரில் மூன்றே முக்காலுக்கு இருட்டிவிடும். அறைக்குப் போய் ஒரு மணி நேரப் பாடத்துக்கு மூன்று மணி நேரம் திட்டம் எழுதுவார். மழை நாளில் இடைவேளைக்கு வெளியே விடமாட்டார்கள். காற்றடித்தால் பிள்ளைகள் கட்டுக்கடங்கமாட்டார்கள் என்பது அங்குள்ள ஆசிரியர்களின் பழைய நம்பிக்கை. வெள்ளிக்கிழமை, மழை, கடைசிப் பிரிவேளை மூன்றும் சேர்ந்த ஒரு நாளில், அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதிருக்கிறார்.

மறு வாரம் மென்ட்டர் ஒரு யோசனை சொன்னார். அந்த வகுப்போடு ஒரு நாள் முழுக்க ஒவ்வொரு பாடத்துக்கும் போய்ப் பின்னால் உட்காரச் சொன்னார். ‘நவுட்’ பையன் மரவேலைப் பட்டறையில் தேய்ப்புத் தாளோடு தலை நிமிராமல் ஒரு மணி நேரம் வேலை செய்தான். பக்கத்துப் பையனுக்கு ரம்பம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தான். ஆள் அவன்தானா என்று இருந்தது.

அந்த வாரம் அறிவியல் வகுப்பில் அவன் இரண்டு வரி எழுதினான். இரண்டே வரி. பள்ளியிடம் கேட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை அவன் வீட்டுக்கு போன் செய்தார். பள்ளியின் பெயரைச் சொன்னதும் அம்மா கேட்டது: “இப்போ என்ன செஞ்சான்?” நன்றாக வேலை செய்தான் என்றதும் மறுமுனையில் சத்தமே இல்லை. “லைன் கட்டாயிருச்சுன்னு நினைச்சேன்.” திங்கட்கிழமை வாசலிலேயே நின்றான். “எங்கம்மாவுக்கு போன் பண்ணீங்களா?” சிரிக்கவில்லை. உள்ளே போய், சொல்லாமலே நோட்டைத் திறந்தான்.

ஜனவரியில் மறுபடி மின்சுற்று. பல்புக்கு முன்னால் ஓர் அம்மீட்டர், பின்னால் ஒன்று. பின்னால் உள்ளது என்ன காட்டும்? எல்லோரும் கையளவு வெள்ளைப் பலகையில் எழுதித் தூக்க வேண்டும். முக்கால்வாசிப் பலகைகள் ‘குறையும்’ என்றன. இது இவர் வகுப்பின் குறை அல்ல. பிள்ளைகள் பாடத்துக்கு வெறும் மண்டையோடு வருவதில்லை, தங்களுக்கென்று ஒரு விளக்கத்தோடுதான் வருகிறார்கள் என்று பக்கத்து லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ரோசலிண்ட் டிரைவர் 1980களில் எழுதிக் காட்டியிருக்கிறார். பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும் என்பது அந்த விளக்கங்களில் ஒன்று.

சுவிட்சைப் போட்டார். இரண்டு மீட்டரும் 0.24.

“மீட்டர் கெட்டுப்போச்சு மிஸ்.” இரண்டையும் இடம் மாற்றினார். மறுபடி 0.24. ஒண்ணு, ரெண்டு, மூணு. பின்வரிசையிலிருந்து ‘நவுட்’ பையன் கேட்டான்: “அப்போ பல்பு எதைத்தான் திங்குது?”

ஆற்றல் பற்றிய அந்தப் பாடத்தை அடுத்த வாரத்துக்கு வைத்திருந்தார். திட்டத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அன்றே நடத்தினார்.

பிப்ரவரியில் இரண்டாவது பள்ளி. முதல் நாள் வரவேற்பு மேசையில் மூன்று விஷயங்கள் கேட்டார். இந்த வகுப்பு எந்த ஆசிரியரிடம் அடங்கியிருக்கும், அவர் பாடத்தில் போய் உட்காரலாமா? பிள்ளைகளின் புகைப்படத்தோடு இருக்கைப் படம் கிடைக்குமா? ஜெராக்ஸ் மெஷினின் கடவு எண் என்ன?

எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.