ஆட்டம் யாருடைய உடைமை?

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தைக்கப்பெறும் காலணிகளுட் பல, அயல்நாட்டு நிறுவனங்களின் பெயர் தாங்கிக் கப்பலேறுவதை நாம் அறிவோம். தோலைப் பதனிட்டவரும் தைத்தவரும் நம்மூரார், பெயரோ பிறருடையது. பொதுவானதோர் அமைப்பிற் காலணி தைத்து விற்பாரை எவரும் தடுப்பதில்லை. அப்பெயரைப் பொறித்தாலோ வழக்கு வரும். விளையாட்டுக்கும் இஃது ஓரளவு பொருந்துமென்பதை நம் நாட்டு வழக்கொன்று காட்டிற்று.

கல்கத்தாவைச் சேர்ந்த ரஜத் அகர்வாலா, ஜெயந்த் அகர்வாலா என்னும் உடன்பிறந்தார் இருவர், ஸ்கிராபிள் என்னும் சொல்லாட்டத்தை இணையவழிப் பலர் கூடி ஆடுமாறு அமைத்து, ஸ்கிராபுலஸ் எனப் பெயரிட்டனர். 2007-இல் அது பேஸ்புக்கில் இடம்பெற்று, நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் ஆடுமளவு பரவிற்று. ஸ்கிராபிளின் உரிமை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹாஸ்புரோ நிறுவனத்துக்கும், ஏனை நாடுகளில் மாட்டெல் நிறுவனத்துக்கும் உரியது. இரு நிறுவனங்களும் வழக்கிட்டன. மாட்டெலின் வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் 2008 செப்டம்பரில் இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. ஸ்கிராபுலஸ் என்னும் பெயர் மயக்கந் தருவதாதலின் அதனை விலக்கியது. ஆயின் பலகைக்கும் விதிகளுக்கும் கோரிய பதிப்புரிமையை ஏற்கவில்லை. உடன்பிறந்தார் லெக்ஸுலஸ் எனப் பெயர் மாற்றினர்; ஆட்டம் நின்றுவிடவில்லை.

நிற்க. பலகையாட்டம் ஒன்று, கணினியாட்டம் மற்றொன்று. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கொள்கின்றது. விலை கொடுத்து வாங்குவோர் பெறுவது பெரும்பாலும் ஆடுதற்குரிய உரிமமே. பலர் கூடியாடும் ஆட்டத்திலோ, அவ்வுலகம் முழுதும் நிறுவனத்தின் வழங்கி என்னும் நடுக்கணினியில் இயங்குகின்றது. நிறுவனம் அதனை மாற்றினாற் பழைய உருவம் மறைந்தொழியும். ஆட்டக்காரர் தாமே வழங்கி நடத்தத் துணிவதற்கு இதுவே பெருங்காரணம். கைப்பொருளாசையால் நடத்துவாரும் உளர். அவர்க்காக நாம் பரியவில்லை.

பிளிஸ்ஸார்டு நிறுவனத்தார் 2004-இல் வெளியிட்ட வேர்ல்டு ஆவ் வார்கிராப்ட் என்னும் ஆட்டம் பின்னாளிற் பெரிதும் மாறிப்போயிற்று. அதன் பழைய உருவை நாஸ்டால்ரியஸ் என்னும் பெயரில் 2015 முதல் தன்னார்வலர் சிலர் நடத்தினர். நிறுவனத்தின் வழக்குரைஞர் ஓலை வந்தபின், 2016 ஏப்ரலில் அது மூடப்பட்டது. சட்டம் நிறுவனத்தின் பக்கமே இருந்ததென்பதை யாம் மறுக்கவில்லை. எனினும் பழைய உருவை விரும்புவார் இத்துணைப் பேர் உளரென்பதை உலகறியச் செய்தவர் அத்தன்னார்வலரே. 2019 ஆகஸ்டில் அப்பழைய ஆட்டத்தை நிறுவனமே கிளாசிக் என்னும் பெயரில் திறந்தது, மாதக் கட்டணத்துக்கு.