பொய் விளக்கும் மெய்க் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன்)

சோளக் கொல்லையில் வைக்கோல் பொம்மைக்குச் சட்டை மாட்டி நிறுத்துவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். பொம்மை குருவியைப் பிடிக்காது. ஆனால் குருவி அதை நம்பி விலகிப் போகிறது. அத்தகைய ஒரு பொம்மையை மின்னணுவியலின் துணைகொண்டு காருக்குள் அமைக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர். எங்கள் சந்து குறுகலானது. ஆகவே இரவில் காரைத் தெருமுனையில்தான் நிறுத்த வேண்டும். சென்ற ஆண்டு ஓரிரவு யாரோ கதவுக் கண்ணாடியை உடைத்து, பாட்டுப் பெட்டியைக் கழற்றிச் சென்றுவிட்டனர். திருட்டு எச்சரிக்கைக் கருவி பொருத்திய கார்களில், பூட்டியதும் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிவதைக் கண்டிருப்பீர்கள். கருவி வாங்க வசதியில்லை. விளக்கையாவது எரிய வைப்போம் என்று எண்ணினேன்.

12 வோல்ட், 2 வாட் குமிழ் விளக்கு ஒன்றைச் சிவப்புத் தாளால் மூடி, பாட்டரியில் இணைத்தேன். அந்த வாரம் தந்தையார் காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டார். நான்காம் நாள் விடியற்காலை ஒரு கல்யாணச் சவாரி. சாவியைத் திருப்பினால் இன்ஜின் அசையவில்லை. சவாரி கைவிட்டுப் போயிற்று. "காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை.

பிறகுதான் கணக்குப் போட்டேன். 2 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 0.167 ஆம்பியர். 72 மணி நேரத்தில் 12 ஆம்பியர்-மணி செலவாகியிருக்கிறது. எங்கள் பழைய பாட்டரியின் கொள்ளளவு புதிதாக இருந்தபோதே 35 ஆம்பியர்-மணிதான். வேலியே பயிரை மேய்ந்த கதை!

தேவையான பொருள்கள்

சிவப்பு எல்.ஈ.டி. 1; 7555 ஐ.சி. 1; மின்தடைகள் 100 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம்; 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி; அரை ஆம்பியர் ஃபியூஸ்; சுவிட்சு.

சிவப்பு ஒளி தரும் எல்.ஈ.டி.யை 1962-இல் உருவாக்கியவர் அமெரிக்கரான நிக் ஹோலன்யாக். சுரங்கத் தொழிலாளியின் மகனான அவரே தம் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்குச் சென்றவர். 555 என்னும் ஐ.சி.யை 1971-இல் வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் காமன்சிண்ட். 7555 என்பது அதன் மின்சிக்கன வகை.

இணைக்கும் முறை

ஐ.சி.யின் 4, 8 கால்களை ஃபியூஸ், சுவிட்சு வழியாக பாட்டரியின் நேர்முனையுடனும், 1ஆம் காலை எதிர்முனையுடனும் இணைக்கவும். 8க்கும் 7க்கும் இடையே 100 கிலோ ஓம்; 7க்கும் 6க்கும் இடையே 10 கிலோ ஓம். 2, 6 கால்களை ஒன்றுசேர்த்து, அங்கிருந்து 1ஆம் காலுக்கு மின்தேக்கியை (அதன் எதிர்முனை 1ஆம் கால் பக்கம் இருக்க) இணைக்கவும். நேர்முனையிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக எல்.ஈ.டி.யின் நீண்ட காலுக்கும், அதன் குட்டைக் காலிலிருந்து ஐ.சி.யின் 3ஆம் காலுக்கும் இணைப்புத் தரவும்.

இயங்கும் விதம்

மின்தேக்கி இரு மின்தடைகளின் வழியே மெதுவாக நிரம்புகிறது, இதற்கு 0.76 வினாடி. அப்போது விளக்கு அணைந்திருக்கும். மின்னழுத்தம் பாட்டரியினுடையதில் மூன்றில் இரண்டு பங்கை எட்டியதும், 10 கிலோ ஓம் வழியே மட்டும் வடிகிறது, இதற்கு 0.07 வினாடி. அப்போது விளக்கு மின்னும். அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் மீண்டும் நிரம்பத் தொடங்கும். நிமிடத்துக்குச் சுமார் 72 முறை மின்னுகிறது. நம் நாடித் துடிப்பும் ஏறத்தாழ அவ்வளவே!

இப்போது கணக்கைப் பாருங்கள். எல்.ஈ.டி. தனக்கு 2 வோல்ட் எடுத்துக்கொள்ள, மீதி 10 வோல்ட். 1 கிலோ ஓம் வழியே 10 மில்லி ஆம்பியர். ஆனால் பன்னிரண்டில் ஒரு பங்கு நேரமே எரிவதால் சராசரி 0.83 மில்லி ஆம்பியர்தான். மற்றவற்றையும் சேர்த்து 1 மில்லி ஆம்பியர் என்று கொண்டாலும், 30 நாளுக்கு 0.72 ஆம்பியர்-மணி. முன்பு மூன்று நாளில் போனதில் பதினாறில் ஒரு பங்குகூட இல்லை.

ஃபியூஸைப் பாட்டரிக்கு அருகிலேயே வைக்க மறவாதீர். கம்பி எங்கேனும் உரசித் தோல் உரிந்தால், தீயிலிருந்து காரைக் காப்பது அதுவே.

இந்த விளக்கு கூச்சலிடாது, கதவையும் பூட்டாது. பூட்டை நாம்தான் பூட்ட வேண்டும். எட்டு மாதமாகக் கண்ணாடி உடையவில்லை. அது விளக்கினால்தான் என்று ஒரே ஒரு காரை வைத்துச் சொல்ல அறிவியல் இடம் தராது. ஆனால் மூன்று வாரம் நிறுத்தியிருந்தும் கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. அதை என் கணக்கு முன்கூட்டியே சொன்னது.

நண்பர்களே, கணக்கு முதலில், கம்பி பிறகு. நான் ஒரு கல்யாணச் சவாரியைக் கொடுத்துக் கற்ற பாடம் இது. இப்போது இரவு காரை நிறுத்தியதும் என் தந்தையார் தாமே அந்தச் சுவிட்சைப் போடுகிறார். விளக்கு மின்னுவதை ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார்.