மின்னோட்டப் பாடமும் வீட்டு சுவிட்ச் போர்டும்: பயனுள்ள குறிப்புகள்

பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் படிக்கும் பிள்ளைகளுக்குச் சோதனைச்சாலை வீட்டிலேயே இருக்கிறது. மதுரை வில்லாபுரம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு மாதிரியான பழைய பகுதிகளில், கட்டியபோது இழுத்த வயரிங்கிலேயே இன்று இண்டக்‌ஷன் அடுப்பும் ஹீட்டரும் ஓடும் வீடுகள் உண்டு. அங்கே இந்தப் பாடம் மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதல்ல. பிள்ளைகள் பார்க்கலாம், கணக்குப் போடலாம். போர்டைக் கழற்றுவதும் வயரைத் தொடுவதும் எலக்ட்ரீஷியன் வேலை. கையால் செய்து பார்ப்பதெல்லாம் டார்ச் செல்லில்தான்.

1. இரண்டு டார்ச் செல், இரண்டு சின்ன பல்பு, கொஞ்சம் வயர் போதும். பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்தால் இரண்டும் மங்கலாக எரியும். ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணையும். பக்க இணைப்பில் இரண்டும் பளிச்சென்று எரியும். ஒன்று போனாலும் மற்றது எரியும். வீட்டு வயரிங் முழுக்கப் பக்க இணைப்புதான். அதனால்தான் சமையலறை லைட் ஃப்யூஸ் ஆனாலும் ஃபேன் சுற்றுகிறது.

2. சித்திரைத் திருவிழாவுக்குக் கட்டும் பழைய சீரியல் செட் தொடர் இணைப்பு. 6 வோல்ட் பல்புகள் 38 சேர்ந்தால் 228. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை அவை பங்கு போட்டுக்கொள்கின்றன. ‘6 வோல்ட் பல்புதானே’ என்று தோல் உரிந்த சீரியல் வயரைத் தொடவே கூடாது. தொடுகிறவரைத் தாக்குவது 230 வோல்ட்டாகவே இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பல்பு மாற்ற வேண்டும்.

3. பொருளின் பின்பக்கம் வாட்ஸ் போட்டிருக்கும். அதை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட்டிலோ, செல்போன் சார்ஜருக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ மாட்டினால் பிளாஸ்டிக் உருகும். 16 ஆம்பியர் பாயிண்ட்தான் வேண்டும். பிளக்கைச் சுற்றி பழுப்பேறியிருந்தால் அன்றே மாற்றுங்கள்.

4. ஃப்யூஸ் போனால் அதில் தடித்த செம்புக் கம்பியை முறுக்குவது பல வீடுகளில் வழக்கம். இது மிகவும் ஆபத்து. ஜூல் விதிப்படி மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. உருக வேண்டிய கம்பி உருகாவிட்டால் சுவருக்குள் ஓடும் வயர் எரியும். சரியான அளவு ஃப்யூஸ் கம்பி போடுங்கள், முடிந்தால், கரண்ட் அளவு மீறினால் தானாக ட்ரிப் ஆகும் எம்.சி.பி.க்கு மாறுங்கள்.

5. எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் பாய்ந்தாலே உயிர் போகலாம். 6 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளாது. ஆளுக்குக் காவல் ஆர்.சி.சி.பி. போன கரண்ட் முழுதும் திரும்பி வருகிறதா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் வெளியே கசிந்தாலே கண் இமைக்கும் முன் ட்ரிப் ஆகிவிடும். டிவியைப் பெரிதாக்கும் முன் இதை வாங்குங்கள் என்பேன். மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும்.

6. மூன்று பின் பிளக்கில் தடித்து நீண்டிருப்பது எர்த். செருகும்போது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விலகும். ஃப்ரிட்ஜ், கிரைண்டர், அயர்ன் பாக்ஸுக்கு அந்தப் பின்னை உடைத்துவிட்டு மாட்டாதீர்கள். மதுரை வெயிலில் மண் காய்ந்தால் எர்த் குழியின் மின்தடை கூடும். பங்குனி, சித்திரையில் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள்.

7. சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு இருட்டில் மினுக் மினுக்கென்கிறதா? சுவிட்ச், கரண்ட் வரும் ஃபேஸ் கம்பியில் இல்லாமல், அது திரும்பும் நியூட்ரலில் இருக்கலாம். அப்படியானால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். சுவிட்சில் உள்ள இண்டிகேட்டர் லைட்டாலும் இப்படி மினுங்கும். எதுவென்று எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

8. வீட்டில் எதுவும் எரியவில்லை, ஆனால் எலக்ட்ரீஷியன் டெஸ்டர் வைத்தால் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் எரிகிறது என்றால் நியூட்ரல் கட். சுற்று முழுமையாகாததால் பல்பு எரியாது. ஆனால் ஃபேஸ், பல்பு வழியே நியூட்ரல் கம்பிக்கும் வந்து நிற்கும். ‘கரண்ட்தான் இல்லையே’ என்று கை வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். லைட் திடீரென்று அளவுக்கு மீறிப் பிரகாசித்தாலும் நியூட்ரல் கோளாறாக இருக்கலாம், உடனே மெயினை அணையுங்கள்.

9. டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும். யூனிட்டுக்கு எத்தனை மினுங்கல் என்பது மீட்டர் முகப்பில் இருக்கும். அது 3200 என்றால், 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் மட்டும் ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 53 முறை மினுங்கும். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மினுங்கினால் எங்கோ கசிவு இருக்கலாம். இன்வெர்ட்டர், டிவியின் ஸ்டாண்ட்பை ஆகவும் இருக்கலாம்.

10. பழைய 75 வாட்ஸ் ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட். தமிழ்நாட்டில் 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தார்கள். அதில் பாதிக்கு மேல் ஒரு ஃபேனே தின்றுவிடும். 30 வாட்ஸ் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 22 யூனிட்டுக்குள் முடியும்.

11. ஐப்பசி மழைக்கு முன் கொடிக்கயிற்றைப் பாருங்கள். இரும்புக் கம்பியில் துணி காயப்போட வேண்டாம். மின்கம்பத்திலும் ஸ்டே கம்பியிலும் கொடியோ ஆடோ கட்ட வேண்டாம்.

12. ஷாக் அடித்தவரைக் கையால் இழுக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிட்டு, 108-ஐ அழையுங்கள். தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், மற்றவர்களையும் விடாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். இந்த எண்ணை மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இன்றே எழுதி வையுங்கள்.